நிறமும் பெயரும்: இல்லத்துத் திருமேனிகளுக்குக் குறிப்பெழுதும் முறை

(விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

திண்டிவனம், செஞ்சி, விழுப்புரம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த சமணச் சிற்றூர்களில், பழைய இல்லங்களின் பூசையறைகளிலே விரலளவும் சாணளவுமான செப்புத் திருமேனிகளைக் காணலாம். தந்தை பூசித்தவை தனயனுக்கு வந்தன. மாமியார் பூசித்தவை மருமகளுக்கு வந்தன. அந்நாளில் எந்தத் திருமேனி எந்தத் தீர்த்தங்கரருடையது என்பதை ஒருவரும் எழுதி வைக்கவில்லை. எழுதும் தேவையும் இருக்கவில்லை. பாட்டி சொன்னாள், பேத்தி கேட்டாள், அவ்வளவே பதிவு. இன்றோ பேரப்பிள்ளைகளில் ஒருவர் விழுப்புரத்தில் வாழ்கிறார், ஒருவர் சென்னையில், மற்றொருவர் கடல் கடந்து. பாகப்பிரிவினையில் நிலமும் வீடும் ஆவணம் எழுதிப் பிரிகின்றன. சம்புடத்திலிருந்த திருமேனிகள் மட்டும் ஆளுக்கு ஒன்றிரண்டாக, ஆவணமின்றிப் பிரிகின்றன. பெயர் சொல்லத் தெரிந்த மூதாட்டி மறைந்த பின்னர்தான் “இவர் எந்தத் தீர்த்தங்கரர்?” என்னும் வினா எழுகிறது.

இவ்வினாவுக்கு விடை காண்பது எளிதன்று. 24 தீர்த்தங்கரரும் முகத்தால் வேறுபடுவதில்லை. ஆடை அணிகளும் இல்லை. அமர்ந்தால் பத்மாசனம், நின்றால் காயோத்சர்க்கம் என இரண்டே நிலைகள். சிற்பி வேறுபடுத்திக் காட்டாதது குறையன்று. வென்றவர் அனைவரும் ஒரே நிலையை எய்தியவர் என்னும் கொள்கையின் உருவம் அது. ஆயினும் குறிப்பெழுத அமர்பவர்க்கு அக்கொள்கையே இடர் ஆகிவிடுகிறது. கையில் அட்டையும் எழுதுகோலும் இருக்கின்றன; எதிரே ஒன்றுபோல் பன்னிரண்டு திருமேனிகள். அப்பொழுது கண்ணில் முதலில் படுவது நிறம். ஒன்று மஞ்சளாக ஒளிர்கிறது, ஒன்று பசுமை படர்ந்திருக்கிறது, ஒன்று கருத்திருக்கிறது, பளிங்காலான ஒன்று வெண்மையாய்த் திகழ்கிறது. தீர்த்தங்கரர்க்கு நிறம் வகுக்கப்பட்டுள்ளது என்பதும் நினைவில் இருக்கிறது. உடனே எழுதுகோல் ஓடுகிறது: பச்சையா, பார்சுவநாதர்; கருமையா, நேமிநாதர்; வெண்மையா, சந்திரப்பிரபர். பெயர் மாறிப்போவது பெரும்பாலும் இவ்விடத்திலேதான்.

வகுக்கப்பட்ட நிறங்கள் எவை என்பதை முதலில் தெளிவாக்கிக் கொள்ளுதல் நலம். திகம்பர மரபின்படி சந்திரப்பிரபரும் புஷ்பதந்தரும் வெண்ணிறத்தவர். பத்மப்பிரபரும் வாசுபூஜ்யரும் செந்நிறத்தவர். சுபார்சுவநாதரும் பார்சுவநாதரும் பச்சை நிறத்தவர். முனிசுவ்ரதரும் நேமிநாதரும் கருமை அல்லது கருநீல நிறத்தவர். எஞ்சிய 16 பேரும் பொன்னிறத்தவர். சுவேதாம்பர மரபில் இது சற்றே மாறும்: அங்கே மல்லிநாதரும் பார்சுவநாதரும் நீல நிறத்தவராக இணைகின்றனர், சுபார்சுவநாதர் பொன்னிறத்தாருள் அடங்குகிறார். தமிழ்ச் சமணர் திகம்பர மரபினர். எனினும் வடநாட்டிலிருந்து வரும் வண்ண அச்சுப் படங்களும், வண்ணம் தீட்டிய சிறு உருவங்களும் இரு மரபுகளையும் சார்ந்தவை. அவற்றைப் பார்த்து அப்படியே பெயரெழுதினால், ஒரே அலமாரியில் இரண்டு மரபுகள் பெயர் மாறி அமர்ந்துவிடும்.

இந்நிறம் திருமேனி நிறமன்று என்பதே இங்கு முதன்மையான செய்தி. சாத்திரம் கூறுவது தீர்த்தங்கரர் பிறந்தபோது அவருடைய உடல் கொண்டிருந்த நிறத்தை. கையில் இருப்பது கன்னான் வார்த்த உலோகத்தின் நிறம். செம்போடு வெள்ளீயம் கலந்தால் வெண்கலம். துத்தநாகம் கலந்தால் பித்தளை. கலவையின் அளவு மாறினால் மஞ்சளும் செம்மையும் மாறும். ஈரக்காற்றும் திருமஞ்சன நீரும் பட்டுச் செம்பின்மேல் படிவது களிம்பு. அதன் நிறம் பச்சை. ஆண்டுக்கணக்கில் விளக்குப் புகையும் எண்ணெயும் ஏறினால் எந்தத் திருமேனியும் கருக்கும். ஆகவே பச்சை படர்ந்த மகாவீரரைப் பார்சுவநாதர் என்பதும், புகையேறிய சாந்திநாதரை நேமிநாதர் என்பதும், பூசையறையின் ஈரத்தையும் புகையையும் படித்துவிட்டுச் சாத்திரத்தைப் படித்ததாக எண்ணிக்கொள்வதேயாகும். புளியிட்டுத் துலக்கினால் அந்தப் “பார்சுவநாதர்” மறுநாளே பொன்னிறத்தவர் ஆகிவிடுவார்!

கல் திருமேனிகளிலும் இதே நிலைதான். சலவைக்கல்லில் செதுக்கியவை யாவும் வெண்மையே. கருங்கல்லில் செதுக்கியவை யாவும் கருமையே. சிற்பி சில வேளைகளில் நிறம் நோக்கிக் கல்லைத் தெரிந்தெடுப்பதும் உண்டு. நேமிநாதருக்குக் கருங்கல்லும் சந்திரப்பிரபருக்குப் பளிங்கும் பொருத்தமாகக் கருதப்பட்டன. ஆயின் அது சான்றுக்குத் துணையாகுமேயன்றித் தானே சான்று ஆகாது.

இன்னொரு குழப்பமும் உண்டு. 1974-75இல் மகாவீரர் நிர்வாணத்தின் 2500ஆம் ஆண்டு கொண்டாடப்பட்டபோது ஏற்கப்பெற்ற ஐந்நிறக் கொடியை எல்லோரும் அறிவர். அந்த ஐந்து நிறங்களும் பஞ்சபரமேட்டிகளைச் சுட்டுவன: அருகர் வெண்மை, சித்தர் செம்மை, ஆசாரியர் மஞ்சள், உபாத்தியாயர் பச்சை, சாதுக்கள் கருநீலம். தீர்த்தங்கரர்க்கும் அதே ஐந்நிறங்கள் வருவதால், கொடியின் செம்மையைக் கொண்டு ஒரு செம்புத் திருமேனியைச் சித்தர் என்றும், அதே செம்மையைக் கொண்டு வாசுபூஜ்யர் என்றும் எழுத இடமுண்டு. ஒரு நிறத்துக்கு இரண்டு அகராதிகள் இருக்கையில் நிறத்தை மட்டும் நம்பிப் பெயரெழுதுவது எங்ஙனம் பொருந்தும்?

பெயருக்கு உரிய சான்று இலாஞ்சனம். பீடத்தின் முகப்பில், நடுவில், சிறிதாகப் பொறிக்கப்பெறும் அடையாளம் அது. ஆதிநாதருக்கு எருது, சந்திரப்பிரபருக்குப் பிறை, சாந்திநாதருக்கு மான், மல்லிநாதருக்குக் கும்பம், முனிசுவ்ரதருக்கு ஆமை, நேமிநாதருக்குச் சங்கு, பார்சுவநாதருக்கு நாகம், மகாவீரருக்குச் சிங்கம் என்பன குழந்தைகளும் அறிந்தவை. இங்கும் மரபு வேறுபாடு உண்டு. அனந்தநாதருக்குத் திகம்பரர் கரடியும் சுவேதாம்பரர் பருந்தும் கூறுவர். அரநாதருக்குத் திகம்பரர் மீன் கூற, மற்றவர் நந்தியாவர்த்தம் கூறுவர். சீதளநாதருக்கு இங்கே கற்பக மரம், அங்கே ஸ்ரீவத்சம். சந்தையில் வாங்கிய பட்டியலைப் பார்க்குமுன் அது எம்மரபினரின் பட்டியல் என்று பார்த்துக்கொள்ளுதல் வேண்டும்.

இலாஞ்சனம் தெளிவாக இருந்தால் வேலை முடிந்தது. தேய்ந்திருந்தால்தான் தொல்லை. தலைமுறை தலைமுறையாகப் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்த பீடத்தில், அரை விரற்கடை அளவிலான விலங்கின் உருவம் மழுங்கிப் போகிறது. எருது, எருமை, காண்டாமிருகம், பன்றி, கரடி ஐந்தும் தேய்ந்தபின் நான்கு கால் கொண்ட ஒரே மேடாகத்தான் தென்படும். அவை முறையே ஆதிநாதர், வாசுபூஜ்யர், சிரேயாம்சநாதர், விமலநாதர், அனந்தநாதர் ஆகியோருக்குரியவை. ஐவரில் வாசுபூஜ்யர் ஒருவர் செந்நிறத்தவர். ஏனைய நால்வரும் பொன்னிறத்தவர். உலோகத்தின் நிறமும் உதவாது, தேய்ந்த மேடும் உதவாது. மானுக்கும் ஆட்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு கொம்பு மட்டுமே. கொம்பு தேய்ந்தால் சாந்திநாதரும் குந்துநாதரும் ஒருவராகிவிடுவர்.

தேயாத பீடத்திலும் ஏமாற்றும் உருவங்கள் இரண்டு. ஒன்று சிங்கம். தீர்த்தங்கரர் அனைவருக்கும் சிங்காதனம் உரியது. ஆதலால் பீடத்தின் இருபுறத்தும், சிலவற்றில் நடுவிலும்கூட, சிங்க உருவங்கள் இருக்கும். அவை ஆதனத்தின் கால்கள். பெயரைச் சொல்பவை அல்ல. சிங்கம் கண்ட இடமெல்லாம் மகாவீரர் என்றெழுதிய குறிப்புகள் மிகுதி. மற்றொன்று தாமரை. பீடமே தாமரை வடிவில் அமைவது பொது வழக்கு. அதனாலேயே அவர் பத்மப்பிரபர் ஆகிவிடமாட்டார்.

நாகபடம் உள்ளவர் இருவர். பார்சுவநாதருக்குப் பெரும்பாலும் ஏழு படங்கள். சுபார்சுவநாதருக்குப் பெரும்பாலும் ஐந்து. எண்ணிப் பார்க்காமல் “பாம்பு இருக்கிறது, பார்சுவநாதர்” என்றெழுதிவிடுவதால், சுபார்சுவநாதர் பல இல்லங்களில் பெயரிழந்திருக்கக் கூடும். இருவருக்கும் வகுத்த நிறம் பச்சையே என்பதால் நிறம் இங்கே கைவிட்டுவிடுகிறது, எண்ணிக்கை கைகொடுக்கிறது. அடுத்து, உடனிருக்கும் யட்சியைப் பார்க்கலாம்: தர்மதேவி இருந்தால் நேமிநாதர், பத்மாவதி இருந்தால் பார்சுவநாதர், சுவாலாமாலினி இருந்தால் சந்திரப்பிரபர், சக்கரேசுவரி இருந்தால் ஆதிநாதர். யட்சி தனித் திருமேனியாக அருகில் வைக்கப்பட்டிருந்தால் மட்டும் இச்சான்றை நம்புதல் ஆகாது. அலமாரியில் அடுத்தடுத்து இருப்பவர் ஒரே வார்ப்பினர் என்று கொள்வதற்கில்லை. ஒரே பிரபையில் 24 பேரும் அமைந்த சதுர்விம்சதித் திருமேனியாயின், நடுவில் உள்ள மூலநாயகரின் பெயரே அதற்குரிய பெயர். சுற்றியுள்ள 23 சிறு உருவங்களுக்கும் வரிசைக்கிரமமாகப் பெயரிட முயல்வது வீண் உழைப்பு.

முன்னோர் இவ்வகையில் எவ்வாறு நடந்துகொண்டனர் என்பதைச் செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் காணலாம். அங்கே ஒரு பெரும் பாறையில் 24 தீர்த்தங்கரரும் வரிசைக்குப் பன்னிருவராக இரண்டு வரிசையில் புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ளனர். அதே குன்றில் உள்ள பழங்கல்வெட்டுகள் தரும் பெயர்கள் வேறு: 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியர் பெயரும், 30 நாள் நோன்பிருந்த இளைய பட்டாரகர் பெயரும். நோற்றவர் பெயரும் நாட்கணக்கும் எழுதியவர்க்குத் தெளிவாகத் தெரிந்திருந்தன, அவற்றை எழுதினர். தெற்கே கழுகுமலைக்குச் சென்றால் இவ்வழக்கம் இன்னும் விளங்கும். அங்குள்ள வட்டெழுத்துக் குறிப்புகள் ஏறத்தாழ நூறு. உருவங்களின் கீழே பொறிக்கப்பெற்ற அவை பெரிதும் கூறுவது, யார் செய்வித்த திருமேனி, அவர் எவ்வூரார், எவர் மாணாக்கர் என்பனவற்றையே. தமிழகத்தில் திருமேனிக்கடியில் குறிப்பெழுதும் வழக்கம் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்டது. ஆனால் அதன் முதல் அக்கறை தீர்த்தங்கரர் பெயரில் அன்று, செய்வித்தவர் பெயரில்.

உருவத்தின் கீழே இன்னார் எனப் பெயரெழுதும் முறைக்கும் இங்கேயே முன்மாதிரி உண்டு. காஞ்சிக்கு அருகே திருப்பருத்திக்குன்றத்துக் கோயிலின் விதான ஓவியங்களில், ஆதிநாதர், நேமிநாதர், மகாவீரர் வரலாற்றுக் காட்சிகளுக்குக் கீழே தமிழில் விளக்கக் குறிப்புகள் எழுதப்பட்டுள்ளன. அவற்றைத் தொகுத்து ஆராய்ந்து டி.என். இராமச்சந்திரன் எழுதிய நூலைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1934இல் வெளியிட்டது. வண்ணம் மங்கிய இடத்திலும் எழுத்து எஞ்சியிருந்தால் காட்சி விளங்குகிறது. எழுத்து அழிந்த இடத்தில், வண்ணம் எவ்வளவு பளிச்சென்று இருப்பினும், ஊகமே மிஞ்சுகிறது. ஓவியத்திலேயே இந்நிலை என்றால், ஒரே நிறத்து உலோகத்தில் என்ன சொல்வது!

இனி, குறிப்பை எழுதும் முறை. ஒவ்வொரு திருமேனிக்கும் ஒரு எண். அவ்வெண்ணுக்கு ஒரு பதிவேட்டில் ஒரு பக்கம். பக்கத்தில் மூன்று செய்திகளைத் தனித்தனி வரியாக, ஒன்றோடொன்று கலவாமல் எழுதுதல் வேண்டும். முதல் வரியில் பெயரும், அப்பெயர் எதனால் அறியப்பட்டது என்பதும்: “சாந்திநாதர், பீடத்தில் மான்” அல்லது “பார்சுவநாதர், ஏழு படங்கள்” அல்லது “ஆதிநாதர் என வீட்டார் வழங்குவது, பீடத்தில் அடையாளம் இல்லை.” இரண்டாம் வரியில் அப்பெயருக்குச் சாத்திரம் வகுத்த நிறம். மூன்றாம் வரியில் கண்ணால் கண்ட நிறமும் பொருளும்: “பித்தளை போலும், மஞ்சள், முதுகில் பச்சைக் களிம்பு, துலக்கப்படவில்லை.” உலோகம் இன்னதென உறுதியில்லாத இடத்தில் “போலும்” என்ற ஒரு சொல் குறிப்பின் நேர்மையைக் காத்துவிடுகிறது. அனேகாந்தம் கற்றவர்க்கு இச்சொல்லில் கூச்சம் வேண்டியதில்லை. இரண்டாம் வரியும் மூன்றாம் வரியும் வேறுபட்டால் அது பிழையன்று, வேறுபடுவதே இயல்பு. பொன்னிறத்துச் சாந்திநாதர் கருத்த வெண்கலத்தில் இருக்கலாம். அவ்விரண்டையும் ஒன்றாக்க முயல்பவரே பெயரை மாற்றுகின்றனர்.

இவற்றோடு உயரம், எடை, நிற்கும் அல்லது அமர்ந்த நிலை, உடைவு, பற்றவைத்த தழும்பு ஆகியனவும் வேண்டும். எடையை எழுதுவதற்கு இக்காலத்து மின் தராசு போதும். பீடத்தின் பின்புறத்திலோ அடியிலோ எழுத்திருந்தால் அதை எழுத்துக்கு எழுத்து அப்படியே படியெடுத்தல் வேண்டும். பொருள் விளங்காவிட்டாலும் திருத்தல் கூடாது. கழுகுமலையில் உள்ளதுபோல் அது செய்வித்தவர் பெயராக இருக்கக்கூடும். எவ்வூரிலிருந்து வந்தது என்பதையும் எழுதுக. ஊர்ப்பெயரோடு பழைய மாவட்டப் பெயரும் வேண்டும். விழுப்புரம் தனி மாவட்டமானது 1993இல். அதற்கு முந்திய கடிதங்களிலும் ரசீதுகளிலும் தென்னாற்காடு என்றே இருக்கும். இரண்டும் ஒரே ஊரென்பது பின்வருவோர்க்குத் தெரிய வேண்டாவா?

படம் எடுக்கும்போது நிறத்தில் தனிக் கவனம் தேவை. மஞ்சள் விளக்கொளியில் வெள்ளியும் பொன்னாகத் தோன்றும். பகல் வெளிச்சத்தில், நேர் வெயில் படாமல், அருகில் ஒரு வெள்ளைத் தாளும் ஓர் அளவுகோலும் வைத்து எடுத்தால், பின்னாளில் பார்ப்பவர் தாளின் வெண்மையைக் கொண்டு நிறத்தைச் சரிபார்த்துக்கொள்ளலாம். முன், பின், இரு பக்கம், அடிப்பகுதி, இலாஞ்சனம் மட்டும் என ஆறு படங்கள் போதும். துலக்குமுன் ஒருமுறையும் துலக்கியபின் ஒருமுறையும் எடுத்தல் நலம். ஒரே திருமேனி இரண்டு நிறத்தில் இருப்பதைப் படமே காட்டிவிடும். அடையாளம் தேய்ந்துவரும் திருமேனியைப் புளியிட்டுத் தேய்ப்பதை அன்றே நிறுத்திவிடுதல் நன்று. மென்துணியால் துடைத்தலே அதற்குப் போதிய தொண்டு.

குறிப்பை ஒட்டும் இடம் பற்றியும் கூற வேண்டும். பூசையில் உள்ள திருமேனியின்மேல் எதையும் எழுதுதலோ ஒட்டுதலோ ஆகாது. பசைத்தாள் உலோகத்தின்மேல் கறை விடும். உரிக்கும்போது மேற்படிவும் பெயரும். கம்பியால் கட்டினால் கீறும். தடித்த அட்டையில் எழுதிப் பருத்தி நூலால் பீடத்தில் தளர்வாகக் கட்டலாம். அல்லது திருமேனி அமரும் பலகையில் எண்ணை மட்டும் எழுதலாம். திருமஞ்சனத்தின்போது அட்டையைக் கழற்றினால் திரும்பக் கட்டும்போது இடம் மாறிவிடும் என்னும் அச்சம் நியாயமானது. அதற்காகவே பதிவேட்டில் படம்.

இவ்வளவு உழைப்பு எதற்கு என்னும் கேள்வி எழலாம். 1972ஆம் ஆண்டின் பழம்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம் 1976 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. நூறாண்டுக்குக் குறையாத சிற்பங்களை வைத்திருப்போர் படங்களுடன் விண்ணப்பித்துப் பதிவு செய்துகொள்ள அது வழி வகுக்கிறது. பதிவு பெற்றது கைமாறினால் பதிவு அலுவலர்க்குத் தெரிவித்தலும் வேண்டும். பாகப்பிரிவினை செய்வோர் பலர் இதனை எண்ணுவதே இல்லை. களவு போனாலோ நிலைமை இன்னும் கடினம். சிலைக் கடத்தலுக்கெனத் தமிழகக் காவல்துறையில் தனிப்பிரிவு 1983 முதல் இயங்குகிறது. களவு போனதாகச் சொல்லப்படும் திருமேனியும் கிடைத்த திருமேனியும் ஒன்றே என்று காட்டுவதற்குப் படமும் அளவும் வேண்டும். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1956 முதல் எடுத்துச் சேர்த்த கோயிற் படங்கள், அயல்நாடு சென்ற திருமேனிகள் எவ்வூருக்குரியவை என்று நிறுவப் பன்முறை உதவியிருக்கின்றன. வீட்டுச் சம்புடத்தில் இருப்பவற்றை அவ்வாறு படமெடுக்க வெளியார் எவரும் வரப்போவதில்லை. “பச்சை நிறப் பார்சுவநாதர்” என்று பதிவேட்டில் இருந்து, மீட்கப்பட்ட திருமேனியோ துலக்கப்பெற்று மஞ்சளாக, பீடத்தில் சிங்கத்தோடு வந்து நின்றால், உரியவரே தம் உரிமையை மறுத்து எழுதிக் கொடுத்ததாக முடியும்.

அடையாளம் முற்றும் தேய்ந்தவற்றுக்கு என் செய்வது? “தீர்த்தங்கரர், பெயர் அறியப்படவில்லை” என்று எழுதுவதே முறை. இதில் பெரியோர் சிலர்க்கு மனத்தாங்கல் உண்டு. பெயர் தெரியாதவரை எப்படிப் பூசிப்பது என்று கேட்பர். பஞ்ச நமஸ்கார மந்திரத்தில் தனியொரு தீர்த்தங்கரர் பெயரும் இல்லை. அருகர் அனைவரையும் சேர்த்தே அது வணங்குகிறது. நாள்தோறும் அதை ஓதுவோர்க்குப் பெயரற்ற திருமேனி அந்நியமன்று. வீட்டார் காலங்காலமாக வழங்கிய பெயர் ஒன்று இருந்தால் அதை அழிக்கவும் வேண்டியதில்லை. வழக்குப் பெயர் என்று குறித்து முதல் வரியிலேயே வைக்கலாம். பூசை வழக்குப் பெயரில் நடக்கட்டும். பதிவேடு இரண்டையும் அறிந்திருக்கட்டும்.

24இல் சில குறைந்த தொகுதிகளும் இல்லங்களில் உள்ளன. குறையும் இடத்தை நிரப்பக் கடையில் வாங்கிய புதிய உருவத்தை வைத்துவிட்டு எழுதாமல் விடுவது, ஐம்பது ஆண்டுக்குப் பின் அதையும் பழைய வார்ப்பாக்கிவிடும். புதியது எந்த ஆண்டு வாங்கப்பட்டது, எவ்வளவு விலை, யார் வாங்கியது என்பதை அதன் பக்கத்தில் எழுதுக. கடைச் சீட்டு இருந்தால் அதையும் அங்கேயே செருகி வைக்கலாம். வாங்காமல் விட்டால், அந்தத் தீர்த்தங்கரர் பெயருக்கு உரிய பக்கத்தை வெறுமையாக விட்டு, கடைசியாகப் பார்த்தவர் யார், எந்த உடன்பிறந்தார் வீட்டுக்குச் சென்றிருக்கக் கூடும் என்று மட்டும் எழுதி வைத்தல் வேண்டும்.